இடது பக்க இருக்கை

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பழைய விளையாட்டு மைதானத்தின் ஓரச் சரிவில் நிஷாந்தினி ஹெலிகொப்டரை இறக்கப் பழகிக்கொண்டிருந்தாள். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கம்பனி ஒன்றில் டிக்கெட் பதியும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அவளுடைய ஆர்வத்தைப் பார்த்து அந்தக் கம்பனியே அவளைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. இடப்பக்க இருக்கையில் பயிற்றுநர் கெப்டன் ஹில்மி இருந்தார். மைதானத்துக்குக் கீழே உள்ள மலையில்தான் அவள் அம்மா பாலம்மா அன்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

“அவசரம் வேணாம். மேட்டுப் பக்கக் கால் முதல்ல தொடட்டும்” என்றார் ஹில்மி.

ஹெலிகொப்டரைத் தாங்கும் இரண்டு கால்களில் இடது கால் புல்லைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே எதுவோ அதைப் பிடித்து இழுத்தது. புல்லுக்குள் புதைந்து கிடந்த வேலிக் கம்பியை இருவருமே காணவில்லை.

“என்ட கையில விடுங்க!” என்று கத்தினார் ஹில்மி.

அவள் விட்டாள். அந்தக் கணத்தில், ஹெலிகொப்டரை ஏற்றி இறக்கும் லீவரைக் கீழே அழுத்தியிருக்க வேண்டும். பதற்றத்தில் ஹில்மி மேலே இழுத்துவிட்டார். மலையும் வானமும் சரிந்தன. விசிறி மண்ணில் அடித்து நொறுங்கியது.

நிஷாந்தினி பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே, நசுங்கிய பக்கத்தில் ஹில்மி முனகினார். எரிபொருள் மணம் மூக்கில் ஏறியது. எரிபொருளையும் மின்சாரத்தையும் நிறுத்தினாள். பெல்ட்டைக் கழற்றி, உடைந்த முன்கண்ணாடி வழியாக வெளியே ஊர்ந்தாள்.

“நீங்க ஓடுங்க. தீப்பிடிச்சிரும், ஓடுங்க!”

“சும்மா இருங்க சேர்” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் உள்ளே தலையை விட்டாள். அவருடைய பெல்ட் இறுகிக் கிடந்தது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை.

சத்தம் கேட்டு மலையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் பாலம்மா. மகளைக் கண்டதும், “ஏ புள்ள!” என்று அலறினாள்.

“எனக்கு ஒன்னுமில்லம்மா. சேர் உள்ள மாட்டிக்கிட்டாரு. கத்தி வேணும்!”

பாலம்மா பக்கத்தில் நின்றவரின் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பறித்துக்கொண்டு தானே உள்ளே நுழைந்தாள். பெல்ட் அறுந்தது. கொழுந்து பறிக்கும்போது அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து விரித்து, ஹில்மியை அதில் கிடத்தினார்கள். ஆளுக்கொரு பக்கம் தூக்கி லொறிக்குக் கொண்டு போனார்கள். நல்ல வேளையாகத் தீப்பிடிக்கவில்லை.

ஹில்மிக்குக் காலும் தோள் எலும்பும் முறிந்திருந்தன. விசாரணைக்கு வந்தவர்களிடம், “கம்பியில மாட்டினது உண்மை. ஆனா லீவர மேல இழுத்தது நான். அந்தப் பிள்ளைட பிழை இல்ல” என்று அவரே சொன்னார். எலும்பு கூடியது. நடக்கவும் தொடங்கினார். பறக்க மட்டும் வரவில்லை.

நிஷாந்தினி வேறொரு பயிற்றுநரிடம் தொடர்ந்தாள். முதல் நாள் இருக்கையில் உட்கார்ந்ததும் கீழே புல்லில் கம்பி கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிளம்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலம்மா கேட்டாள்: “அந்த சேர் எப்படி இருக்காரு? போயி பாத்தியா?”

அன்றைக்கே தாயும் மகளும் கலகெதரவில் இருந்த ஹில்மியின் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி றலியா பாலம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து உள்ளே அழைத்துப் போய்க் கதிரையில் உட்கார வைத்தார்.

“எப்ப வாறீங்க சேர்?” என்று கேட்டாள் நிஷாந்தினி.

“எனக்கு இனி ஏலாது. படிப்பிக்கிற ஆளே பிழை விட்டா, பிறகு எந்த முகத்தோட பக்கத்துல இருக்கிற?”

“எனக்கும் பயம்தான் சேர். புது சேர் நல்லவருதான். ஆனா விழுந்தா எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியாது. நம்ம ரெண்டு பேருக்கும்தான் தெரியும். ஒரு தடவ வாங்க. ஓட்டுறது நான். நீங்க சும்மா உக்காருங்க.”

ஹில்மி மனைவியைப் பார்த்தார்.

“போங்களேன்” என்றார் றலியா. “ஹெலி சத்தம் கேட்டா ஜன்னலுக்கு ஓடுறீங்க. எனக்குத் தெரியாதெண்டா நினைக்கிறீங்க?”

பாலம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். “பயமா இருந்தா எம்மகள மெதுவா ஓட்டச் சொல்லுங்க சேர்.”

ஹில்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த மாதம், பயிற்சியை முடித்து உரிமம் வாங்கிய நிஷாந்தினி வலப்பக்கம் அமர்ந்தாள். ஹில்மி இடப்பக்கம் ஏறி பெல்ட்டை மாட்டினார். மாட்டியதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். ஹெலிகொப்டர் தரையை விட்டு எழும்பியபோது அவர் கண்களை மூடிக்கொண்டார். நிஷாந்தினி கம்பளைப் பக்கமாக மகாவலியைப் பிடித்துக்கொண்டு, சீராகப் பறந்தாள். ஆறு வளையும் இடத்தில் காற்று லேசாக உலுக்கியது.

“வேகம் குறையுது. மூக்க கொஞ்சம் இறக்குங்க” என்றது பக்கத்துக் குரல்.

திரும்பிப் பார்த்தாள். ஹில்மி கண்களைத் திறந்து அளவுமானிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“சரி சேர்” என்று அவள் ஹெலிகொப்டரின் மூக்கை இறக்கினாள்.