நாஹூமுக்குச் சொன்ன ஒன்பது வருஷம்

என் தம்பி நாஹூமுக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று பரிசோதனைச் சீட்டு வந்த அன்று அவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அக்கா, உன் ஆபீஸ்ல இதத்தானே கணக்குப் போடுறே. எனக்கு எத்தனை வருஷம்?"

எங்கள் லெம்பா ஆற்றோரம், நாஹூமைப் போலக் கரும்பு வெட்டுகிறவர்களின் குடும்பங்களில் இந்த நோய் எட்டிப் பார்க்காத வீடு குறைவு. நோய் தெரிந்தபின் ஒருவர் எவ்வளவு காலம் இருப்பார் என்று கணக்கிடுவது மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் என் வேலை. எல்லோருடைய ஆயுளும் உண்மையில் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அதனால் கையிலிருக்கும் பதிவேட்டில் உள்ளவர்களே மொத்த ஊரும் என்று வைத்துக்கொண்டு, சூத்திரத்தில் அதைப் போட்டுவிடுவோம். பதிவுகள் பெருகப் பெருக விடை உண்மையை நெருங்கும். அதற்கு நிரூபணம் உண்டு, நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன். நானூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளைப் போட்டதில், பாதிப் பேர் ஒன்பது வருஷம் தாண்டியிருந்தார்கள்.

"ஒன்பது," என்றேன்.

தலைநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் காவல் வேலை பார்த்து வைத்திருந்தேன். இன்னும் மூன்று அறுவடை முடியட்டும், அப்புறம் வருகிறேன் என்றான். வெயில் ஆகாது என்று சொன்னபோதெல்லாம் என் ஒன்பதையே எனக்குத் திருப்பிச் சொன்னான். சர்க்கரை ஆலையில் இரத்தப் பரிசோதனை செய்து அவனைத் திருப்பி அனுப்பியதும், எங்கள் சித்தப்பா மகனின் அடையாள அட்டையைக் காட்டி வெட்டப் போனான். நானும் கண்டும் காணாமல் இருந்தேன்.

இரண்டாவது அறுவடையின்போது ஒரு வேலையாகக் கிராமத்து மருந்தகத்துக்குப் போனேன். அங்கே நர்ஸ் மார்பெல் என் கணக்குக்கு வரும் பதிவேட்டைப் புரட்டியபடி, சிகிச்சைக்கு வராமல் போனவர்களை எப்படி எழுதுவது என்று என்னிடமே சந்தேகம் கேட்டாள். இறப்புச் சான்று கொண்டுவந்து கொடுத்தால்தான் இறந்தவர். மற்றவர்கள் பெயருக்கு நேரே ஒவ்வொரு வருஷமும் 'உயிருடன்' என்று எழுதி வந்திருக்கிறாள். மேலிடத்து உத்தரவாம். வீட்டில் செத்தவனுக்காகச் சான்றோடு நாலு மணி நேரம் பஸ் ஏறி யார் வருவார்கள்?

மூன்று மாதம் வீடு வீடாகப் போனேன். கதவைத் திறந்த பெண்களில் பலர் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தியிருந்தார்கள். இறந்தவர்களை இறந்தவர்களாகவே எழுதித் திரும்பவும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூத்திரம் அதேதான். மூன்றரை வருஷம் வந்தது.

அதற்குள் நாஹூமின் கால் வீங்கிவிட்டது. முற்றத்தில் வலை ஊஞ்சலில் கிடந்தவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"நீ மூணுன்னு சொல்லியிருந்தாலும் நான் வெட்டப் போயிருப்பேன்னு நெனச்சுக்கோ," என்றான் கடைசியில்.

"போயிருப்பியா?"

"மாட்டேன்."

டயாலிசிஸுக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினேன். அதற்குப் போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்றான். அவனுக்குத் தெரிந்த ஏழு பேரும் அப்படித்தான். நோய் முற்றியபின் போனவர்களை மட்டும் எண்ணுவது சரியான கணக்கில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழை தொடங்கிய வாரத்தில் இறந்துபோனான்.

திருத்திய அறிக்கையை மேலே அனுப்பினேன். அடுத்த வருஷத் திட்டம் பழைய எண்ணை வைத்து ஏற்கெனவே ஒப்புதலாகிவிட்டது என்று பதில் வந்தது. போன வாரம் முப்பது வயதுக்காரன் ஒருவன் தன் சீட்டோடு என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். டாக்டரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். டாக்டர் பார்த்துச் சொல்வது அந்தப் பழைய எண்ணோடு எங்கள் அலுவலகம் அச்சடித்த அட்டவணையைத்தான்.