என்ஜினுக்குள்ளிருந்து

மஞ்சள் கிரேயான் தாளின் நடுவே நின்றுவிடுகிறது, அதற்குமேல் கை நகரவில்லை, இருபத்திரண்டு வருடம் ரயில் ஓட்டிய அருள்தாசின் கை ஒரு சேலைத் தலைப்பை வரைய மறுக்கிறது, திண்டுக்கல் தாண்டிய வளைவில், வெயில் கொதித்த அந்த மதியம், மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் தண்டவாளத்தைக் கடந்தேவிட்டாள், கடந்தவள் கழன்ற செருப்பை எடுக்கத் திரும்பினாள், குனியுமுன் தலை தூக்கி அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான், ரயில் அவளை அடித்துவிட்டது, அன்றிலிருந்து அவள் அவன் கண்ணைவிட்டுப் போகவேயில்லை, சாப்பிட உட்கார்ந்தால் எதிரே நிற்கிறாள், குக்கர் விசில் அடித்தால் அவனுக்கு வியர்த்துச் சட்டை நனைந்து மூச்சு முட்டுகிறது, மனைவி ரெஜினா ஓடிவந்து முதுகைத் தடவுவாள், நீங்க பிரேக் போட்டீங்கன்னு விசாரணையிலயே சொல்லிட்டாங்களே, போட்டேனா ரெஜினா, எனக்கு ஞாபகமே இல்லையே, அவ மூஞ்சி மட்டுந்தான் இருக்கு.

மாத்திரையோடு ஓவியச் சிகிச்சையும் வேண்டும் என்று மருத்துவர் அனுப்பிய அறையில் நசீமா மேடம் வண்ணங்களைப் பரப்பி வைத்திருப்பார், அழகா வரணும்னு இல்ல சார், கை போற பக்கம் விடுங்க, முதல் வாரங்களில் தாள் கிழியும்வரை கறுப்புத் தண்டவாளம், பிறகு வளைவு, கருவேலம், ஒற்றைச் செருப்பு, மூச்சு முட்டும்போது கோட்டை மெதுவா இழுங்க, கோட்டோடவே மூச்சையும் விடுங்க என்பார் மேடம், வீட்டில் பழைய காலண்டர்த் தாளின் பின்புறம் இழுத்துப் பார்த்தான், சில நாள் அடங்கியது, சில நாள் இல்லை.

இன்று மேடம் அந்த மஞ்சளை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், இதுல நீங்க எங்க சார் இருக்கீங்க, அவன் எந்தத் தாளிலும் இல்லை, பதினோரு வாரமாக அவள் நின்ற இடம் மட்டுமே வந்திருந்தது, வேறு தாள் கேட்டு வாங்கினான், என்ஜினின் முன்கண்ணாடி வந்தது, கண்ணாடிக்கு வெளியே அவள், உள்ளே பிரேக் கைப்பிடி, கைப்பிடியை விரல்முட்டி வெளுக்கப் பிடித்து, கடைசிவரை தள்ளிய ஒரு கை, யோசித்து வரையவில்லை, தோள்பட்டையில் சுரீரென்று வலித்தது, அன்று வலித்த அதே இடம், மேடம், இது என் கை, ஆமா சார்.

திரும்பும் பேருந்தில், கூட வந்த ரெஜினாவிடம் சொன்னான், நான் பிரேக் போட்டேன் ரெஜினா, நாங்கதான் சொன்னோமே, சொன்னீங்க, இன்னிக்குத்தான் பாத்தேன், ரெஜினா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அடுத்த நிறுத்தத்தில் எப்போதும்போல் அந்த மஞ்சள் சேலைப் பெண்ணும் ஏறினாள், அதே முகம், அவன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.