மாவை மறந்தவர்கள்

1

இந்தக் கதையில் தண்ணீர் பாட்டில் மட்டும்தான் நிஜம். இரவு வேலை முடிந்த கையோடு, எங்கள் ஊருக்கு மேற்கே நியூ மெக்ஸிகோ பொட்டலில், முன்னோர் விட்டுப்போன கல்வீடுகளுக்கு நடந்துபோனேன். உள்ளே நுழையுமுன் அவர்களுக்கு ஒரு சிட்டிகை சோள மாவு தருவது எங்கள் பழங்குடி வழக்கம். மறந்துவிட்டிருந்தேன். மாவு இல்லையென்றால் கையில் இருப்பதைத் தர வேண்டும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். பாட்டில் நிறைய இருந்ததால் அது கதையாகவில்லை. ஆகவே இரண்டு பேரை உண்டாக்கினேன். தண்ணீரைக் குறைத்தேன்.

2

சூரியன் ஒரு கொடூரமான

(அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் யாரும் சூரியனைத் திட்டுவதில்லை.)

லொரென்சிதாவும் தம்பி அவெலினோவும் கல்வீடுகளை அடைந்தபோது பாட்டிலில் நாலு வாய்த் தண்ணீர்தான் மிச்சம். வண்டி ஒரு மணி நேர நடைத் தொலைவில் நின்றது. வழியில் நிழல் கிடையாது. அவெலினோவுக்கு வியர்ப்பது நின்றுவிட்டது. நாக்கு குழறியது.

"மாவு எங்கக்கா?"

"உன் பையிலதானே?"

"நீ எடுப்பன்னு நெனச்சேன்."

"சிப்ஸ் பாக்கெட்ட மட்டும் மறக்காம எடுத்துட்டு வந்திருக்க."

3

(முதல் பிரதியில் அவெலினோ பக்திமான். அப்படி ஒருவனை நான் பார்த்ததே இல்லை. இப்போது திருவிழா நடனத்துக்குக்கூடத் தாமதமாக வருகிறவன். வெயில் தலைக்கேறியதால் பிடிவாதம். நம்ப முடிகிறது.)

அக்கா குடிக்கக் கொடுத்த பாட்டிலை அவன் மண்ணை நோக்கிச் சாய்த்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டேய், லூசா நீ? முதல்ல குடி!"

"அவங்களுக்கு முதல்ல."

"ஒரு சொட்டு விடு, போதும்."

"அவங்க வீட்டுக்கு வந்துட்டு அவங்களுக்கே பிச்சையா போடுவ?"

"செத்தவங்களுக்குத் தாகம் எடுக்காதுடா."

"அவங்க இங்கேர்ந்து போனதே தண்ணி இல்லாமத்தான்க்கா."

அவள் பிடியை விடவில்லை. அவனும் பாட்டிலை விடவில்லை.

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அவள் பிடுங்கிக் குடிக்க வைக்கிறாள், இருவரும் பிழைக்கிறார்கள்: வெளியூர்க்காரர்களுக்குப் பிடிக்கும். என் அத்தை, "அப்ப எதுக்கு அங்க போனாங்க?" என்பாள்.

அவன் ஊற்றியதும் மழை வருகிறது: கிழித்துவிட்டேன்.

அவன் ஊற்றுகிறான், திரும்பும் வழியில் விழுகிறான்: எச்சரிக்கைப் பலகைக்கு ஆகும்.

லொரென்சிதா அவனைவிட வலுவானவள். இழுத்தால் பாட்டில் வந்துவிடும். அந்த வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை.

இனி அவன் உங்கள் தம்பி. அந்த வீடும் உங்களுடையதுதான். எழுதுங்கள்.