ஐந்நூற்றுப் பதினைந்தில் ஒன்று

ஒரகடத்தில் கார் உதிரிப்பாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த அந்தோணிராஜுக்கு 2012 செப்டம்பரில் மலேரியா வந்தது. கிளினிக்கில் பதினாலு நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலை சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. லீவு தீர்ந்துவிட்டதால் அவன் அதை யாரிடமும் சொல்லாமல் ஷிப்டுக்குக் கிளம்பினான். மண்ணூரில் அவன் தங்கியிருந்த அறையின் சொந்தக்காரர் கன்னியப்பன்தான் வாசலில் நிறுத்தி அவன் கண்ணைப் பார்த்தார்.

"இன்னாபா, கண்ணு மஞ்சளா கீது? காமாலைபா இது. கீழாநெல்லி அரைக்கச் சொல்றேன், குந்து."

கீழாநெல்லி அரைபடுவதற்குள் அந்தோணிராஜ் படியில் மயங்கி விழுந்தான். கன்னியப்பன் அவனை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அரைத்தது வீணாகக் கூடாதென்று அதையும் ஒரு டம்ளரில் எடுத்துக்கொண்டார். வழியில் அவரே குடித்தார்.

டாக்டர் கவிப்பிரியா மாத்திரையை நிறுத்தி, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார். நான்காம் நாள் பரிசோதனை முடிவோடு வந்து கட்டிலருகே நின்றார்.

"உங்களுக்குப் பிறவியிலயே ஒரு புரதம் சரியில்ல. மலேரியாவுக்குக் குடுத்த மாத்திரை அதனாலதான் ஒத்துக்கல."

"ஏன் டாக்டர்?"

"செல்லுக்குள்ள, எந்தப் புரதத்தை எப்படிச் செய்யணும்னு ஜீன்ல எழுதியிருக்கும். செல் அதுக்கு ஒரு நகல் எடுத்து, மூணு மூணு எழுத்தா படிக்கும். மூணு எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம். அப்படி வரிசையா ஐந்நூத்திப் பதினஞ்சு கோத்தா இந்தப் புரதம். உங்களுக்கு ஒரு எழுத்து மாறிப்போயிருக்கு. அதனால ஐந்நூத்திப் பதினஞ்சுல ஒண்ணு தப்பா விழுந்திருக்கு."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணே போதும். செல்லைக் காப்பாத்துற அந்தப் புரதம் சீக்கிரம் சிதைஞ்சுடும். மத்த செல்லுன்னா புதுசு பண்ணிக்கும். ரத்தச் சிவப்பணு வளர்ந்ததும் ஜீனையே வெளிய தள்ளிடும். இருக்கிறத வெச்சுத்தான் கடைசிவரை ஓட்டணும். மாத்திரை உள்ள போனதும் சிவப்பணு தாங்காம ஒடைஞ்சுடுச்சு. அதான் ஒண்ணுக்கு கறுப்பா போகும்."

"இத்தனை வருசம் நான் எப்படி உயிரோட இருந்தேன்?"

"அந்த மாத்திரையைப் போடாததால."

அது அம்மா வழியாக வருவது, தாய்மாமன் யாருக்காவது இப்படி ஆனதுண்டா என்று டாக்டர் கேட்டார். அவர் போனதும் அந்தோணிராஜ் சாத்தான்குளம் பக்கத்திலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டான்.

அம்மாவின் தம்பி சேவியர் மாமா பத்தொன்பது வயதில் காய்ச்சல் கண்டு செத்தவர். பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் மோரில் எதையோ கலந்து கொடுத்துவிட்டாள் என்று அம்மாவைப் பெற்ற ஆச்சி ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

"எம்மா, மாமாக்குக் காச்சலுக்கு மாத்திரை குடுத்தாவளா?"

"மலேரியாக்காரரு ரத்தம் குத்தி எடுத்துட்டுக் குடுத்தாரு. அஞ்சு நாளைக்கு."

"ஒண்ணுக்கு எந்த நெறத்துல போச்சு?"

"கறுப்பால்ல போச்சு," என்றாள் அம்மா.

அவன் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னான். அம்மா போனைக் கையில் பிடித்தபடியே நடந்து போகும் சத்தம் கேட்டது. கதவு தட்டும் சத்தம்.

"எக்கா, எம்மவன் ஒன்ட்ட ஒரு விசயம் சொல்லணுங்கான்."

பிறந்ததிலிருந்து பக்கத்து வீட்டிலேயே இருந்த கங்கம்மாளோடு அந்தோணிராஜ் அன்றுதான் முதல்முறை பேசினான். எழுத்து, நகல், புரதம் என்று கையில் ஊசி குத்தியிருக்க முதலிலிருந்து சொல்லி முடித்தான்.

"எத்தனை எழுத்துன்ன?"

"ஒரு எழுத்து, பெரியம்மா."

"ஒத்த எழுத்துக்கா முப்பத்தஞ்சு வருசம்? எம்மவளுக்கு ரெண்டு எடம் தட்டிப்போச்சுய்யா. விசம் வச்சவ வீட்டுல யாரு பொண்ணு எடுப்பா?"

போன் அம்மாவிடம் போனது தெரிந்தது.

"ரேசன் கடை வாசல்ல வச்சுச் சொல்லு," என்றாள் கங்கம்மாள் அம்மாவிடம். "ஒங்கம்மை அங்க வச்சுத்தான சொன்னா."

புதன்கிழமை மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். வரிசையில் கங்கம்மாளோடு நாற்பது பேர் நின்றார்கள். அம்மா முன்னால் போய், தன் தம்பி சாவுக்குக் கங்கம்மாள் காரணமில்லை, அவன் உடம்பிலேயே ஒரு எழுத்து தப்பாக இருந்தது என்று சத்தமாகச் சொன்னாள். யாரோ ஒருவர், யார் எழுதினது என்று கேட்டார். கடைக்காரர் அடுத்த கார்டைக் கூப்பிட்டார்.

இதையெல்லாம் பத்து நாள் கழித்து, கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அந்தோணிராஜ் போனில் கேட்டான்.

"கங்கம்மா பெரியம்மா என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. அவ கேனை வீடு வரைக்கும் நாந்தான் தூக்கிட்டு வந்தேன்."

"அப்புறம்?"

"இன்னிக்குக் காலைல வந்து, ஒனக்கு ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா."

பஸ் வந்தது. தேறிவிட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு அவன் ஏறினான்.