காயக்கூடாத பூச்சு

1

இந்தக் கதை நானாக எழுத உட்கார்ந்ததல்ல. எடமலைப்பட்டி புதூரில் என் அடுத்த வீட்டு மார்ட்டின் கேட்டான். விழித்திரை தேய்ந்துகொண்டே வருகிறது அவனுக்கு. "அக்கா வேலையைப் பத்தி ஒரு கதை எழுதுங்க சார், அவளே எனக்குப் படிச்சுக் காட்டட்டும்" என்றான். தலையை ஆட்டித் தொலைத்தேன். (அது அவனுக்குத் தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. வாயாலும் சரி என்றேன்.)

2

முதல் தொடக்கம்: ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் காலை வெயிலில்...

சே. கோபுரத்துக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

மார்ட்டினின் அக்கா ஷெர்லின் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம் ஸ்ரீரங்கத்தைத் தாண்டி இருக்கிறது. ஸ்டெம் செல்லிலிருந்து விழித்திரைக்கான செல்களைப் பெரிய கலன்களில் வளர்க்கிறார்கள். வெறும் பிளாஸ்டிக்கில் செல் ஒட்டாது. உள்ளே புரதப் பூச்சு வேண்டும். அது காயவே கூடாது. [யாரும் இன்னும் தூங்கிவிடவில்லையே?] அப்போது வளர்க்கவிருந்த தொகுதியில் மார்ட்டினின் கண்ணில் வைப்பதற்கான செல்களும் இருந்தன.

3

அன்று ஆயுத பூஜை. குருக்கள் இதோ வந்துவிடுவார் என்று நம்பி, பூச்சுத் திரவத்தைக் கலனிலிருந்து வடித்துவிட்டார்கள். உள்சுவரில் ஒட்டிய பூச்சு ஈரமாக இருக்கும்போதே பம்ப் ஓடிச் செல்களை உள்ளே தள்ளவேண்டும். மேலாளர் ரெங்கராஜ் பம்ப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தீபாராதனை முடிந்து ஓட்டலாம் என்றார். திருவானைக்காவலிலிருந்து குருக்கள் வந்தபாடில்லை.

பூச்சு காய்கிறது என்று ஷெர்லினுக்குத் தெரியும். ஆனால் அங்கே அவள் ஒருத்திதான் கிறிஸ்துவப் பெண். பூஜைக்கு முன்னால் பம்ப்பை ஓட்டச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? வாயை மூடிக்கொண்டாள். பிறகு பொரிகூட வாங்கிக்கொண்டாள்.

(ரெங்கராஜைக் கெட்டவராக்கிப் பார்த்தேன், சரிவரவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்.)

சில நாளில் செல்கள் பாலாடை மாதிரிச் சுருண்டு உரிந்து வந்தன. அடுத்த தொகுதி வருவதற்குள் மார்ட்டினின் கண்...

எனக்குக் கை வரவில்லை. அந்த வாக்கியத்தை மார்ட்டினின் கண் டாக்டர் முடித்துவைத்தார்: அதற்குள் விழித்திரையில் ஒன்றும் மிஞ்சாது.

4

தம்பியிடம் மெஷின் கோளாறு என்று சொல்லிவைத்திருக்கிறாள். என்னிடம்தான் உண்மையைச் சொன்னாள். "எழுதுறதா இருந்தா எழுதுங்க சார். என் வாயால என்னால சொல்ல முடியல."

அவன் மன்னிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். பச்சைப் பொய். கிழித்துப்போட்டேன். எழுந்து போய்விடுவதாக எழுதியதையும் கிழித்தேன்.

வாசகரே என்று கூப்பிட இங்கே வேறு யாருமில்லை. ஷெர்லின், நீதான் படித்துக்கொண்டிருக்கிறாய், சத்தமாக. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். மூன்றாம் பகுதியைப் படிக்காமல் தாண்டியிருந்தால், "நடுவுல என்னமோ விட்டுட்டியேக்கா" என்று இந்நேரம் கேட்டிருப்பான்.

கேட்கவில்லை என்றால், நீ அதையும் படித்துச் சொல்லிவிட்டாய் என்று அர்த்தம். காகிதத்தைக் கீழே வைத்து அவன் முகத்தைப் பார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.