பறித்த உயரம்

காய்ந்த செடிகளை அட்டையில் வைத்துத் தைப்பதுதான், தாவர ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. மர்பி டவுனிலிருந்து பதினோரு வருஷமாக வருகிறேன். என் கணவர் உத்தமன் இதே நிலையத்துக்காகக் காடுகளில் மரமேறிக் கிளை பறித்துக் கொடுத்துவந்தார். நாலு மாதத்துக்கு முன் குடகில் மரத்திலிருந்து விழுந்து இறந்தார்.

அன்று பறித்த கிளை இன்று என் மேசைக்கு வந்தது. வீட்டிலிருந்து அவர் எடுத்துப் போன தமிழ்ப் பேப்பருக்குள் இருந்தது. பேப்பரில் நான் காபி டம்ளர் வைத்த வட்டம். எப்போதும்போல் பேப்பரைக் குப்பையில் போட்டேன். கிளையைத் தைத்தேன். உதிர்ந்த பூக்களை எறியக் கூடாது என்பது விதி. சின்ன உறையில் போட்டு மூலையில் ஒட்டினேன்.

லேபிள் அடிக்கும் முகேஷ் வேலைக்குப் புதிது. பறித்தவர் என்ற இடத்தில் வழக்கம்போல் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் பெயரை அடித்திருந்தான்.

"அக்கா, எவ்ளோ உயரத்துல பறிச்சாங்கன்னு நோட்டுல இல்ல. டாக்டரக் கேக்கட்டா?"

"வேணாம். பதினாறு மீட்டர்னு போடு."

"கரெக்டா தெரியுமா?"

"போலீஸ் டேப் வெச்சு அளந்தாங்க."