கூட்டல் கழித்தல் மில்ட்டன்

1

இந்தக் கதை எனக்கு ட்ரூக்கோ மேசையில் கிடைத்தது. பொய் சொல்ல அனுமதி உள்ள சீட்டாட்டம் அது. கையில் ஒன்றுமே இல்லாமல் எல்லாம் இருப்பதுபோல் நடிப்பவன்தான் அதில் கெட்டிக்காரன். அதனால் மில்ட்டன் கெதெஸ் சொன்னதை முதலில் நான் நம்பவில்லை.

"என் கை தப்புப் பண்ணுதாம்ப்பா," என்றான் சீட்டைப் பார்க்காமலே.

"எந்தக் கை? இப்ப நீ வச்சிருக்கியே, அதுவா? அது எனக்கே தெரியுது."

"விளையாடாதே. லேப்ல. இடக்கை."

அன்றைக்கு அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவனுடைய ஜோடி ஆட்டக்காரன் நான், தோற்றோம். பத்திரிகைக்கு வாராவாரம் கதை கொடுக்க வேண்டிய எனக்குத் தோல்வியில் கிடைத்த லாபம் இது.

2

நான் எழுதிய முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'மொந்தெவிதேயோ நகரில் ஒரு நிலவறையில், கண்ணுக்குத் தெரியாத அலைகளை எடைபோடும் மனிதன் ஒருவன்—'

எனக்கே கூச்சமாகிவிட்டது. அலையை யாரும் எடைபோடுவதில்லை.

இரண்டாவது:

'மில்ட்டனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான்—'

பொய். அவனுக்கு ஏகப்பட்ட ஆசை. அதில் பாதி சாப்பாடு.

சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மில்ட்டன் வேலை பார்க்கும் லேப், ரேடாரிலும் செல்போன் கோபுரத்திலும் ஓடுகிற உயர் அதிர்வெண் மின்சாரத்தின் சக்தியை அளக்கிறது. இந்த வருடம் ஒரு சென்சார் நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒவ்வொரு நாடும் அதை அளந்து, தன் எண்ணை எழுதி, மூடி அனுப்ப வேண்டும். சுற்று முடியும் வரை ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாடு பார்க்கக் கூடாது. இப்போது எங்கள் முறை. அடுத்தது பராகுவே.

(எண் மட்டும் போதாது. பக்கத்தில் கூட்டல்-கழித்தல் குறி போட்டு இன்னொரு சின்ன எண்ணும் எழுத வேண்டும். 'நான் சொன்னது இவ்வளவு. இந்த அளவுக்கு நான் தவறியிருக்கலாம்' என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எந்தத் தக்காளிக்காரனும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. என் கல்யாணத்தன்று நானும் சொல்லவில்லை.)

3

அளந்தது இரண்டு பேர். மில்ட்டன் ஒருவன். இன்னொருத்தி லேபின் தலைவி இவோன். இருவரும் ஒரே காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவளை அவன் 'ஒல்லி' என்று கூப்பிடுவான். அவள் ஒல்லி இல்லை. அவனை அவள் 'தடியா' என்பாள், அதில் தவறில்லை.

இவோனின் எண்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. மில்ட்டனின் எண்களோ இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி, மொத்தத்தில் கொஞ்சம் தாழ்ந்தும் இருந்தன.

"ஒல்லி, உன்னோடதை வச்சுக்கோ. என்னோடதைத் தூக்கிப் போட்டுடு."

"பிடிக்கலைங்கிறதுக்காக ஒரு அளவைத் தூக்கிப் போட முடியாதுடா தடியா. காரணம் எழுதணும்."

"அப்ப ரெண்டையும் சேர்த்துடு."

"சேர்த்தா நம்ம கூட்டல் கழித்தல் ஊதிப்போயிடும். பராகுவேக்காரன் சிரிப்பான்."

"அவன் எதுக்குத்தான் சிரிக்கல?"

காரணம் தேடி, மறுநாள் அவன் வேலை செய்வதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அப்போதுதான் அந்தக் கை கண்ணில் பட்டது.

சென்சாரைக் கருவியோடு பொருத்தும்போது, ஒரு கையால் அதன் உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் நட்டைத் திருக வேண்டும். உடம்பும் சேர்ந்து சுற்றினால் உள்ளே இருக்கும் ஊசிமுனை உரசும். ஒவ்வொரு முறையும் எண் கொஞ்சம் நகரும். எப்போதும் வரும் சென்சார்களைப் பிடித்துக்கொள்ள மேசையில் ஒரு கவ்வி உண்டு. இந்த விருந்தாளி அந்தக் கவ்விக்குள் அடங்கவில்லை. கையால்தான் பிடிக்க வேண்டும்.

மில்ட்டன் பிடிக்கவில்லை. வலக்கை மட்டும் திருகியது. இடக்கையின் முழங்கை விலாவோடு இறுக ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த நாட்டில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், அதே கையில் மாத்தே என்கிற இலைச்சாறு குடிக்கும் குடுவை. மீதி வாழ்க்கை முழுவதும் வலக்கை ஒன்றால் நடக்கும். பஸ் ஏறுவோம், கதவு திறப்போம், குழந்தையைத் தூக்குவோம். லேபுக்குள் மாத்தே கூடாது என்பதால் மில்ட்டன் பிளாஸ்க்கை வெளியே வைத்துவிட்டுத்தான் போயிருந்தான். கை மட்டும் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

4

இந்த இடத்தில் இவோனை வில்லியாக்கலாம் என்று நினைத்தேன். 'மெல்லிய உதடுகளில் ஏளனம் படர அவள்—' என்று அரை வாக்கியம் எழுதியும் விட்டேன். பிறகு, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். மழை. வறட்டி தட்டுவதுபோல் மாவைத் தட்டி எண்ணெயில் தோர்த்தா பொரித்துக் கொடுத்தாள். இரண்டாவது தோர்த்தாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தியை வில்லியாக்க என்னால் முடியாது.

பிரச்சினையை அவள் சொன்னாள். காரணம் எழுதாவிட்டால் மில்ட்டனின் அளவைத் தள்ளிவைக்க வழியில்லை. 'ஆள் ஒற்றைக் கையால் பொருத்தினார்' என்று எழுதினால், கை சரியாகிவிட்டது என்று நிரூபிக்கும் வரை அவன் அளக்கக் கூடாது. அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை நிறுத்தப்படும். முன்வாசலில் பார்சல் வாங்கி வைக்கும் ஜன்னலுக்குப் போக வேண்டும். ஓய்வு பெறப்போகும் வயது. ஜன்னலுக்குப் போனவர்கள் திரும்பி உள்ளே வந்ததாக லேபில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

"அவன்கிட்ட எப்படிச் சொன்னீங்க?"

"'உன் பிளாஸ்க்கைக் கீழ வை'ன்னேன். அவன் குனிஞ்சு பாத்தான். கக்கத்துல ஒண்ணும் இல்ல."

அதன் பிறகு என்ன நடந்தது என்பதில் எனக்கு இரண்டு அளவுகள் கிடைத்திருக்கின்றன. மில்ட்டன் சொல்வது: "ஒல்லி சிரிச்சுட்டாப்பா." இவோன் சொல்வது: "சிரிக்கவே இல்ல. அழுகை வந்துச்சு." இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பார்த்தேன். இருமல் வந்தது. கதையில் 'அவள் இருமினாள்' என்று எழுதிவிட்டு, உடனே அடித்தும் விட்டேன். சராசரி எடுத்தால் இரண்டு பேருமே சொல்லாத ஒன்று நடந்ததாகிவிடுகிறது.

5

"ரெண்டு கையாலயும் திரும்ப அளக்கிறேன். நீயே பாரு," என்றான் மில்ட்டன்.

"அளந்து? நீதான் என் எண்ணைப் பாத்துட்டியே. இனிமே உன் கை அந்த எண்ணைத் தேடிப் போகும்."

"என்னைத் திருடன்ங்கிறியா?"

"மனுஷன்ங்கிறேன். நானா இருந்தாலும் தேடிப் போகும்."

அவனுக்கு அரை நாள் கோபம். பிறகு அவனே ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கொண்டுவந்து கருவியின் திரையை மறைத்தான். இதுதான் ஏற்பாடு: அவன் இரண்டு கையாலும் பொருத்துவான், எண்ணை இவோன் மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்வாள், அவனிடம் மூச்சு விட மாட்டாள். ஒரே நாளில் எல்லாவற்றையும் அளந்தால் நம்ப முடியாது என்பதால் திங்களன்று பாதி, வெள்ளியன்று பாதி. அதற்குப் பிறகு சென்சார் பராகுவேக்குப் போயாக வேண்டும்.

அவன் எண்கள் அவளுடையவற்றோடு சேர்ந்துவிட்டால், பழைய பிழைக்குக் காரணம் கைதான் என்றும், கை சரியாகிவிட்டது என்றும் ஒரே அடியில் தெரிந்துவிடும். மில்ட்டன் உள்ளேயே இருப்பான். சேராவிட்டால் ஜன்னல்.

"சேரலைன்னா தப்பு உங்க பக்கமும் இருக்கலாமே?" என்று நான் இவோனிடம் கேட்டேன். புத்திசாலித்தனமாகக் கேட்டுவிட்டதாக நினைப்பு.

"இருக்கலாம்," என்றாள். "அதனாலதான் தூக்கம் வரல."

திங்கட்கிழமை அளவு முடிந்தது. அன்று மில்ட்டனைப் பார்த்தேன்.

"இவோன் மூஞ்சில என்ன தெரிஞ்சுது? நீதான் மூஞ்சியப் பாத்தே சீட்டைச் சொல்றவனாச்சே," என்றேன்.

"பாக்கல."

"ஒரு தடவைகூடவா?"

"பாத்தா வெள்ளிக்கிழமை கெட்டுப்போயிடும்ல? சுவத்தப் பாத்துக்கிட்டே வெளிய வந்தேன். கதவுல இடிச்சிக்கிட்டேன்." நெற்றியைக் காட்டினான். புடைத்திருந்தது.

6

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

'வெள்ளிக்கிழமை மாலை இவோன் அட்டையை விலக்கினாள். இரண்டு பேரின் எண்களும் தோளோடு தோள்—'

'பார்சல் ஜன்னலில் மில்ட்டன் முதல் ரசீதை—'

'தவறு தன்னுடையதுதான் என்று தெரிந்தபோது இவோன்—'

மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. வாசகர்கள் கடிதம் போடுவார்கள். அதை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தபோது போன் வந்தது. இவோன்.

"உங்க பத்திரிகை என்னிக்கு வருது?"

"வியாழக்கிழமை."

"மில்ட்டன் படிப்பானா?"

"பஸ்ல, முதல் பக்கத்துலருந்து. என் கதையத் திட்டுறதுக்காகவே படிப்பான்."

"அப்ப முடிவை எழுதாதீங்க."

"நல்ல முடிவா எழுதிடறேனே."

"அது இன்னும் மோசம். அவன் கை தளர்ந்துடும். கெட்ட முடிவுன்னா நடுங்கும். நாங்க அட்டை போட்டு மூடி வச்சதை நீங்க அச்சுல திறந்து வைக்காதீங்க."

வாதாடிப் பார்த்தேன். இது வெறும் கதை, யாராவது கதையை நம்புவார்களா என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே அந்தக் கேள்வி அசிங்கமாகப் பட்டது.

மூன்று தாள்களையும் கிழித்துவிட்டேன். ஆசிரியர் கேட்டால் இடம் போதவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை எண் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்ல மாட்டேன். நான் விரும்பும் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அவன் என் ஜோடி. உங்களுக்கும் ஒரு முடிவு தோன்றியிருக்கும். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை பஸ்ஸில், நெற்றி புடைத்த ஒருவன் இந்தப் பக்கத்தை மடியில் விரித்துக் கடைசி வரிக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தால், அவனிடம் மழையைப் பற்றிப் பேசுங்கள்.